மலைச் சிற்றூரில் மழை நாட்கள்

ஆல்ப்ஸ் மலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது நாட்காட்டிப் படம்தான்: நீல வானம், வெண்பனிச் சிகரம், பச்சைப் புல்வெளி, கழுத்தில் மணி கட்டிய பசு. அப்படத்தை உள்ளத்தில் ஏந்தியவாறே, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதத்தில், ஆஸ்திரிய நாட்டின் கரிந்தியா மாநிலத்திற்குச் சென்றோம். குருமடத்தில் நம்மோடு ஒரே வகுப்பில் பயின்ற நண்பர் ஒருவர் அங்கே, மோல் ஆறு பாயும் பள்ளத்தாக்கில், மூன்று சிற்றூர்களின் பங்குத்தந்தையாகப் பணியாற்றி வந்தார். "இரண்டு வாரம் வந்து தங்குங்கள், மலைக்காற்று உடம்புக்கு நல்லது" என்று அவர் பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார்.

நாம் போய்ச் சேர்ந்த மாலையிலேயே மழை தொடங்கிற்று. பதினான்கு நாட்களில் பதினொரு நாள் மழை! நம் ஊர் மழையைப்போல் இடித்துக் கொட்டி ஓய்ந்துவிடும் மழையன்று அது. நூல் நூலாக, காலையில் தொடங்கி இரவு வரை ஒரே சீராக இறங்கும் மழை. பக்கத்து மாநிலமான சால்ஸ்பர்க்கில் இத்தகைய மழைக்குக் 'கயிற்று மழை' என்றே பெயராம். ஆஸ்திரியாவிலேயே உயர்ந்த சிகரமாகிய குரோஸ்குளோக்னர், 3798 மீட்டர் உயரத்தோடு, அந்தப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில்தான் நிற்கிறது. நாள்தோறும் காலையில் சன்னலைத் திறந்து பார்ப்போம். சிகரம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிற மேகமே இருக்கும்.

நம் முகவாட்டத்தைக் கண்ட நண்பர் சிரித்தார். "ஜூன் 27 அன்று இங்கே மழை பெய்தது. அப்போதே ஊரார் சொல்லிவிட்டார்கள்" என்றார். ஜூன் 27, எபேசு நகரின் ஏழு உறங்குவோர் திருநாள். தேசியு மன்னனின் வேதகலாபனைக்குத் தப்பிக் குகைக்குள் சென்று நெடுங்காலம் உறங்கியதாகக் கூறப்படும் ஏழு இளைஞர்களை அந்நாள் நினைவுகூர்கின்றது. அன்று எந்த வானிலையோ அதுவே ஏழு வாரம் நீடிக்கும் என்பது செருமானிய மொழி பேசும் மக்களின் நெடுநாள் நம்பிக்கை. நாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். ஏழு வாரம் முடியும் நாள் ஆகஸ்டு 15, அன்னை மரியாளின் விண்ணேற்புத் திருநாள்.

புல்லும் ஒரு பயிரே

நமக்கு மழை ஒரு விடுமுறை நட்டம். அவ்வூராருக்கோ அது வாழ்வின் கவலை. இதை நாம் உணர்ந்துகொள்ள மூன்று நாட்கள் பிடித்தன.

மலைச் சரிவில் நெல்லும் இல்லை, கரும்பும் இல்லை. புல்தான் அங்கே பயிர். கோடையில் புல்லை அறுத்து, வெயிலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, வைக்கோற்பரணில் ஏற்றினால்தான் ஏறத்தாழ ஆறு மாதம் பனியில் அடைபட்டுக் கிடக்கும் மாடுகளுக்குத் தீனி உண்டு. அறுத்த புல் மழையில் நனைந்தால் சத்து இழந்து அழுகும். ஈரத்தோடு அடைத்து வைத்தாலோ உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறித் தானே தீப்பற்றிக் கொள்வதும் உண்டு. மழையினால் தீப்பிடிக்கும் என்பதை நாம் அங்கேதான் முதன்முறையாகக் கேட்டோம்.

மழை மிகுந்தால் மலையும் நிலையாக நிற்பதில்லை. மண்ணும் பாறையும் மரமும் கலந்த சேற்று வெள்ளம் சரிவில் பாய்ந்து வீடுகளை மூடிவிடும். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் அடித்த புயலும் பெருமழையும் கரிந்தியாவின் மேற்குப் பகுதிகளில் காடுகளைப் படுக்க வைத்தன. அவ்வடுக்கள் நாம் சென்றபோதும் சரிவுகளில் தெரிந்தன.

இப்படிப்பட்ட மண்ணில் வாழும் மக்கள் வானத்தைப் பார்த்துக் கைகுவிப்பதில் வியப்பென்ன? ஏப்ரல் 25, மாற்கு நற்செய்தியாளர் திருநாள் தொடங்கிச் செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமைத் திருநாள் வரையில், அங்கே பல ஆலயங்களில் திருப்பலி முடிவில் 'வானிலை ஆசீர்' எனத் தனியே ஓர் ஆசீர் வழங்கப்படுகிறது. கல்மழை, இடி, வெள்ளம் இவற்றினின்று வயலையும் வீட்டையும் காக்குமாறு குருவானவர் மன்றாட, மக்கள் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கின்றனர்.

கருநிற மெழுகுவர்த்தி

ஒரு மாலை நண்பர் நம்மை ஒரு பண்ணை வீட்டிற்கு அழைத்துச் சென்றார். கதவைத் திறந்த மூதாட்டி கூறிய வணக்கத்தின் பொருள் 'இறைவன் உம்மை வாழ்த்துவாராக' என்பதாம். நாம் கொண்டு சென்ற சிறு பரிசைப் பெற்றுக்கொண்டு அவர் சொன்ன நன்றியின் பொருள் 'இறைவன் உமக்குக் கைம்மாறு அளிப்பாராக' என்பதாம். 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்' என்று கூறிக் குருவை எதிர்கொள்ளும் நம் பாட்டிமாரை அக்கணமே நினைத்துக்கொண்டோம்.

உணவு மேசைக்கு மேலே, இரு சுவர்கள் கூடும் மூலையில் பாடுபட்ட சுரூபம் ஒன்று இருந்தது. அவர்கள் அதனை 'ஆண்டவரின் மூலை' என்பர். நம் வீடுகளில் குருத்து ஞாயிறன்று பெற்ற ஓலையைச் சுரூபத்தின் பின்னே செருகி வைப்பதுபோல், அங்கும் குருத்து ஞாயிறின் மரக்கிளைகள் செருகப்பட்டிருந்தன. பனையும் தென்னையும் இல்லாத நாடாதலால், அவர்கள் கையில் ஏந்துவது பஞ்சு போன்ற மொட்டுகள் விடும் ஒருவகை மரத்தின் கிளைகளை. அதனையே அவர்கள் 'பனை' என்று அழைக்கின்றனர்!

உணவு முடியும் வேளையில் இடி முழங்கத் தொடங்கிற்று. இருபது வயது மதிக்கத்தக்க பேரன் உடனே கைப்பேசியை எடுத்து, மழைமேகம் எப்பக்கம் நகர்கிறது என்பதைப் படத்தில் பார்த்தான். மூதாட்டியோ அலமாரியைத் திறந்து ஒரு கருநிற மெழுகுவர்த்தியை எடுத்து, சுரூபத்தின் முன் ஏற்றினார். பவேரியாவிலுள்ள ஆல்ட்டோட்டிங் திருத்தலத்தில், கருநிற அன்னையின் சந்நிதியில் மந்திரித்து வாங்கி வருவது அது. பின் உலர்ந்த மூலிகைக் கொத்திலிருந்து ஒரு காம்பைக் கிள்ளி அடுப்பில் இட்டார். எல்லாரும் முழந்தாட்படியிட்டனர். பேரனும் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு முழந்தாட்படியிட்டான்.

இடி ஓய்ந்தபின் நண்பர் வேடிக்கையாக, "தம்பி, இரண்டில் எதை நம்புகிறாய்?" என்று கேட்டார். அவன் சற்று வெட்கத்துடன், "படத்தைப் பார்த்துத்தான் புல் அறுப்போம், ஃபாதர். ஆனால் இடிக்கும்போது பாட்டியோடு செபிக்காமல் இருந்ததே இல்லை" என்றான்.

மணியும் மன்னனும்

அன்றிரவு திரும்பி வரும் வழியில் நண்பர் மற்றொரு வழக்கத்தைப் பற்றிக் கூறினார். புயல் நெருங்கும்போது ஆலய மணியை அடிப்பது ஆல்ப்ஸ் மலை நாடுகளில் பழங்கால வழக்கம். வாழ்வோரை அழைப்பதும், இறந்தோர்க்கு அழுவதும், இடியை உடைப்பதும் தன் பணியென மணியே கூறுவதாக, இலத்தீன் மொழியில் மணிகளின்மீது பொறித்தும் வைத்தனர். ஆனால், ஊரிலேயே உயரமான கோபுரத்தின் அடியில், ஈரக் கயிற்றைப் பிடித்து நின்றவர்கள்மீதே இடி விழுந்தது. இவ்வாறு மணியடிப்போர் பலர் மாண்டனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் யோசேப்பு இவ்வழக்கத்தைத் தடைசெய்தார்.

அத்தடையில் நியாயம் உண்டென்பதை எவர் மறுப்பார்? ஆயினும் அம்மன்னர் அத்துடன் நிற்கவில்லை. பவனிகளையும் திருப்பயணங்களையும் குறைத்தார். பல துறவு மடங்களை மூடினார். பீடத்தில் எத்தனை மெழுகுவர்த்தி எரியலாம் என்பதுவரை சட்டமாக்கினார். உயிரைக் கொல்லும் வழக்கத்தையும், உள்ளத்திற்கு ஆறுதல் தரும் வழக்கத்தையும் ஒரே கோலால் அளந்தார். மக்கள் மனம் கசந்தது. அவர் மறைந்தபின் அவ்வழக்கங்கள் பல திரும்பி வந்தன. இன்று கோபுரங்களில் இடிதாங்கிகள் உண்டு. சில ஊர்களில் மணியும் ஒலிக்கிறது.

நண்பர் இதைச் சொல்லச் சொல்ல நம் உள்ளம் ஏனோ உறுத்தலாயிற்று. அதன் காரணம் நான்கு நாள் கழித்தே விளங்கிற்று.

பனியில் முளைத்த மூன்று கதிர்கள்

மழை சற்றுத் தணிந்த ஒரு நாள், பள்ளத்தாக்கின் மேற்கோடியில், ஏறத்தாழ 1300 மீட்டர் உயரத்தில் அமைந்த ஹைலிகன்புளூட் என்னும் ஊருக்குச் சென்றோம். 'திரு இரத்தம்' என்பதே அப்பெயரின் பொருள். அட்மொண்ட் மடத்துத் துறவியரின் முயற்சியால் 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம், ஊசி போன்ற கோபுரத்துடன் மலையைச் சுட்டி நிற்கிறது.

ஊரின் மரபுக்கதை இது. பிரிக்ஸியுஸ் என்னும் டேனிய வீரர், கொன்ஸ்தாந்திநோப்பிளில் பேரரசருக்குத் தொண்டு புரிந்து, ஆண்டவருடைய திரு இரத்தம் அடங்கிய சிமிழைப் பெற்றார். கள்வர்க்கு அஞ்சி, தம் காலின் சதையைக் கீறி அதனுள் சிமிழை மறைத்துக்கொண்டு தாயகம் திரும்பினார். 914-ஆம் ஆண்டில் இம்மலையைக் கடக்கையில் பனிச்சரிவு அவரை மூடிற்று. பின்னர் அவ்வழியே வந்த குடியானவர்கள், வெண்பனியின்மீது மூன்று பச்சைக் கோதுமைக் கதிர்கள் நிற்பதைக் கண்டு தோண்ட, அவர் உடலைக் கண்டனர். கதிர்கள் அவர் நெஞ்சிலிருந்து முளைத்திருந்தனவாம். வரலாற்று ஆசிரியர்கள் இக்கதையைச் சான்றென ஏற்பதில்லை. ஆனால் பனியில் தானியம் முளைக்க வேண்டுமென ஏங்கிய மக்கள்தாம் இதனைக் காத்து வந்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆண்டுதோறும் ஜூன் 28 அன்று, மலையின் மறுபுறத்திலுள்ள பின்ஸ்காவ் பகுதி மக்கள், 2500 மீட்டருக்கும் மேற்பட்ட கணவாயை நடந்தே கடந்து இவ்வாலயத்திற்கு வருகின்றனர். 1935-இல் அம்மலைமீது மோட்டார் சாலை திறக்கப்பட்டது. இருந்தும் அவர்கள் நடந்தே வருகின்றனர். ஆலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்தில், மலையேறி மாண்டோரின் பெயர்கள் பொறித்த உலோக ஏடுகள் கொண்ட நூல் ஒன்று உள்ளது. மழைத்துளி வழிந்த அவ்வேடுகளைப் புரட்டியபோது, சிகரம் தெரியவில்லையே என்ற நம் குறை நமக்கே சிறுமையாகத் தோன்றிற்று.

மூலிகைக் கொத்தும் ஓலைப்பெட்டியும்

ஆகஸ்டு 15 விடிந்தது. மழை நிற்கவில்லை. ஆயினும் ஆலயம் நிறைந்திருந்தது. பெண்டிரும் சிறுவரும் கையில் ஆளுக்கொரு மூலிகைக் கொத்து ஏந்தி வந்தனர். நடுவே கோல் போல் உயர்ந்த மஞ்சட்பூச் செடி; அதனைச் சுற்றி மாசிபத்திரி, சீமைச் சாமந்தி, புதினா எனப் பல. ஏழு வகையோ ஒன்பது வகையோ இருக்கவேண்டும் என்பது வழக்கு. அன்னையின் கல்லறையைத் திறந்த திருத்தூதர்கள் அங்கே உடலைக் காணாமல், நறுமணம் வீசும் மலர்களையே கண்டனர் என்ற பழங்கதையினின்று பிறந்தது இவ்வழக்கம். மந்திரித்த கொத்தை வீட்டு மூலையில் தொங்கவிடுவர். இடியின்போது சிறிது அடுப்பில் இடுவர். மாடு நோயுற்றால் தீனியில் சேர்ப்பர். கிறிஸ்து பிறப்பு முதல் மூவரசர் திருநாள் வரையிலான இரவுகளில் வீட்டிற்கும் தொழுவத்திற்கும் புகையிடுவர்.

நண்பர் செபம் சொல்லி முடித்து, தீர்த்தச் செம்பை நம்மிடம் தந்தார். நாம் நடைபாதை வழியே தீர்த்தம் தெளித்துச் சென்றோம். பண்ணை வீட்டு மூதாட்டி தம் கொத்தை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார். அந்தக் கைகளைக் கண்டதும் நம் கால்கள் நின்றுவிட்டன.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நமது முதற் பங்கில், இதே திருநாளில், இதே போன்ற கைகள் நம்முன் ஓர் ஓலைப்பெட்டியை உயர்த்திப் பிடித்தன.

அது வானம் பார்த்த பூமி. ஆடி கழியும் அந்நாட்களில், ஊர்ப் பெண்கள் விதைக் கம்பும் சோளமும் ஓலைப்பெட்டியில் இட்டு, மேலே வேப்பிலை வைத்து, மாதா திருநாளன்று மந்திரித்து வாங்கிச் சென்று விதைப்பது தலைமுறை வழக்கம். நாமோ குருமடத்திலிருந்து புதிதாக வந்தவர். இறையியல் நூல்களின் மை இன்னும் விரல்களில் காயவில்லை. 'மந்திரித்தல்' என்ற சொல்லே நமக்குக் கசந்தது. வேப்பிலையைக் கண்டு முகஞ்சுளித்தோம். மூடநம்பிக்கை பற்றி முக்கால் மணி நேரம் மறையுரை ஆற்றிவிட்டு, "இவற்றையெல்லாம் வீட்டிற்குக் கொண்டு போங்கள்" என்றோம்.

முன்வரிசையில் நின்ற பாட்டி ஒருவர், "சாமி, மழை பெய்ய வைக்கவா கேட்டோம்? மாதா ஒரு தடவை பாத்துட்டா, மனசு தெம்பா விதைப்போம்னுதானே கேட்டோம்" என்றார். நாம் விடை கூறாமல் அறைவீட்டிற்குச் சென்றுவிட்டோம்.

மறு ஆண்டு ஒருவரும் பெட்டி கொண்டுவரவில்லை. அதனை நம் மறையுரையின் வெற்றி என்று எண்ணி மகிழ்ந்தோம். அந்த விதைப் பெட்டிகளுள் சில, பக்கத்து ஊர்க் குறிசொல்பவரிடம் போயின என்பது, நாம் மாற்றலாகி வந்த பிறகே நம் காதுக்கு எட்டியது. மக்கள் தம் கவலையை விட்டுவிடவில்லை. ஆலயத்திற்குக் கொண்டுவருவதைத்தான் விட்டுவிட்டனர்.

இதில் நம்மை மேலும் வெட்கச் செய்வது ஒன்று உண்டு. பழைய உரோமைச் சடங்கு நூலில், விண்ணேற்புத் திருநாளில் மூலிகைகளை ஆசீர்வதிக்கும் செபம் இருக்கிறது. விதைகளுக்கும் வயல்களுக்கும் ஆசீர்ச் செபங்கள் இருக்கின்றன. அந்நூல் நம் அறைவீட்டு அலமாரியிலேயே இருந்தது. திறந்து பார்க்க நமக்குத் தோன்றவில்லை. மன்னர் யோசேப்பின் கோல் நம் கையிலும் இருந்திருக்கிறது!

திருத்தவும் தெரிந்த மரபு

அன்று நண்பகல் உணவின்போது இதனை நண்பரிடம் மறைக்காமல் கூறினோம். அவர் நம்மைத் தேற்றும் முறையில் ஆல்ப்ஸ் மலையின் மேற்குப் பகுதியில், சுவிட்சர்லாந்தில் நடந்த ஒரு செய்தியைச் சொன்னார்.

அங்கே ஃபீஷ் என்னும் கத்தோலிக்க ஊரார், வளர்ந்து வந்த அலெட்ச் பனியாற்றினாலும் அதனையொட்டிய ஏரியின் வெள்ளத்தினாலும் அல்லலுற்று, பனியாறு பெருகாதிருக்கும்படி 1678-இல் ஒரு நேர்ச்சை செய்தனர். 1862 முதல் ஆண்டுதோறும் அதற்காகப் பவனியும் சென்றனர். காலம் மாறிற்று. புவி வெப்பமுற, பனியாறு தேயத் தொடங்கிற்று. பெருகாதே என்று இன்னும் மன்றாடுவது எங்ஙனம்? ஊரார் திருத்தந்தையின் அனுமதியை வேண்டினர். 2010-இல் அனுமதி கிடைத்தது. இப்போது, பனியாறு கரைந்து மறையாதிருக்கும்படி மன்றாடுகின்றனர். பவனி அதே பவனி. மன்றாட்டு மட்டும் மாறிற்று.

நாம் தங்கியிருந்த பள்ளத்தாக்கின் தலைமாட்டிலும், குரோஸ்குளோக்னரின் அடியில் பாஸ்டர்சே என்னும் பனியாறு உண்டு. ஆஸ்திரியாவிலேயே நீளமானது, 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தேய்ந்து வருவது. ஆகவே, வானத்தைப் பார்த்து மன்றாடும் தேவை அம்மக்களுக்குக் குறையவில்லை; கூடியிருக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், மக்களின் பக்தி முயற்சிகளைப் பாராட்டி, அவை திருவழிபாட்டோடு இசைந்து அமையவேண்டும் என்று பணிக்கிறது. இசைவிப்பது வேறு, பிடுங்கி எறிவது வேறு. விதையை மந்திரிக்கக் கேட்பவரிடம், அது மாயமன்று, மன்றாட்டு என்று எடுத்துச் சொல்லியபின் மந்திரித்துக் கொடுக்க நமக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. முக்கால் மணி நேர மறையுரை வேண்டியிருக்கவில்லை.

மீண்டும் ஓலைப்பெட்டி

நாம் புறப்பட்ட நாளில் மேகம் சற்று விலகிற்று. சிகரத்தின் ஒரு தோள் மட்டும் சில நிமிடங்கள் தெரிந்தது. அதுவே போதும் என்றிருந்தது.

ஊர் திரும்பியபின், நவம்பர் 2, கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள், நமது முதற் பங்கிற்குச் சென்றோம். அந்தப் பாட்டி இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகளாகியிருந்தன. கல்லறையில் முந்தின நாள் ஏற்றிய மெழுகுவர்த்தியின் மிச்சமும் வாடிய மாலையும் இருந்தன. அவர் மகன் நம்மை அடையாளம் கண்டு உடன் வந்தார். அவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவருக்கு அந்நிகழ்ச்சி நினைவிலேயே இல்லை. "அம்மா உங்களைப் பத்தி ஒரு நாளும் குறை சொன்னதில்ல, சாமி" என்றார்.

அடுத்த ஆகஸ்டு மாதத்தில், இப்போது நாம் பணியாற்றும் பங்கின் கிளைக் கிராமத்தில், விண்ணேற்புத் திருநாளன்று விதை கொண்டுவரலாம் என்று ஞாயிறு திருப்பலியில் அறிவித்தோம். நாற்பது வீடுகளுள் ஒன்பது வீட்டார் வந்தனர். ஓலைப்பெட்டி இரண்டு, மற்றவை எவர்சில்வர் தூக்குகளும் பிளாஸ்டிக் பைகளும். மழையும் விளைச்சலும் இறைவன் கொடை. உழைப்பும் நிலத்தைப் பேணுவதும் நம் கடமை என்று சுருங்கச் சொல்லி, செபித்துத் தீர்த்தம் தெளித்தோம். அவ்வாண்டு மழை நன்கு பெய்ததா என்று வாசகர் கேட்கக்கூடும். ஓரளவு பெய்தது, போதுமான அளவு இல்லை. மறு ஆண்டு பதினான்கு வீட்டார் வந்தனர்.

அன்புக் குடும்பங்களே! உங்கள் வீட்டுப் பெரியோர் திருநாட்களில் செய்துவந்த சிறு சிறு வழக்கங்கள் எவையென இன்றே கேட்டறியுங்கள். சனவரியில் வனத்து அந்தோணியார் திருநாளில் மாடுகளுக்குத் தீர்த்தம் தெளித்ததும், முதற்கதிரை ஆலயத்தில் வைத்ததும், இடி இடிக்கையில் பாட்டி சொல்லிய செபமும் அவர்களோடு மறைந்துவிட வேண்டா. அவற்றுள் திருத்தவேண்டியது இருப்பின், உங்கள் பங்குத்தந்தையிடம் கொண்டு செல்லுங்கள். எம்போன்ற குருக்களுக்கு நாம் கூறத் துணிவது ஒன்றே: மக்கள் ஏந்திவரும் பெட்டியைத் திருப்பியனுப்புமுன், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

நல்லோர்மேலும் தீயோர்மேலும் மழை பெய்விக்கும் வானகத் தந்தை, வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு மழையை அம்மலையூரார்க்கும் நம் வறண்ட நிலங்களுக்கும் அருள்வாராக. விண்ணேற்பு அடைந்த அன்னை நமக்காக மன்றாடுவாராக.